ஒளியின் கசடும் அழிவின் கருவும்: அணுகுண்டின் ஆரம்ப வரலாற்றில் மறைந்துள்ள தொடர்புகள்

அணுகுண்டின் வரலாறு பெரும்பாலும் அறிஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் விடுத்த கடிதம், லொஸ் அலமொஸ் மேட்டுநிலத்தில் ஒப்பன்ஹைமரின் தலைமையில் கூடிய விஞ்ஞானிகள், 1945 ஜூலை 16ஆம் திகதி நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் எழுந்த தீப்பிழம்பு ஆகிய காட்சிகளோடு அக்கதை நிறைவு பெற்றுவிடுகின்றது. ஆயின், அறிவு மட்டும் வெடிப்பதில்லை. வெடிப்பதற்கு ஒரு கனிமம் தேவைப்பட்டது. அக்கனிமம் எந்த மண்ணிலிருந்து, எத்தேவைக்காக, யாருடைய கைகளால் வெளிக்கொணரப்பட்டது எனும் வினாவை எழுப்புவோமாயின், அதிகம் பேசப்படாத மற்றொரு வரலாறு நம்முன் விரிகின்றது. அது விளக்குத் தொழிலிலும் மருத்துவத்திலும் தொடங்கி, குடியேற்ற நாடுகளின் சுரங்கங்கள் வழியாக ஹிரோஷிமாவைச் சென்றடைகின்றது. அதன் முக்கியமான சில கண்ணிகளை இங்கு நோக்குவோம்.

விளக்கொளியும் இலங்கைக் கல்லும்

மின்விளக்கு பரவலாகாத காலத்தில் ஐரோப்பிய நகரங்களுக்கு ஒளியூட்டியது வாயு விளக்கு. அதன் சுடரைப் பன்மடங்கு பிரகாசமாக்கியவர் ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவர் வொன் வெல்ஸ்பாக் ஆவார். பெற்றோமக்ஸ் விளக்கில் நாம் கண்டு பழகிய 'மென்டில்' அவருடைய கண்டுபிடிப்பே. 1891இல் அவர் செம்மைப்படுத்திய மென்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் அடங்கியிருந்தன. இதனால் தோரியத்துக்குப் பெரும் கேள்வி உண்டாயிற்று. பேர்லினில் அவர் கம்பனி எழுந்தது. தோரியம் அடங்கிய மோனசைட் மணல் முதலில் பிரேசிலிலிருந்து பெறப்பட்டது. பின்னர், இந்தியாவிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்ட ஷொம்பேர்க் எனும் ஜேர்மனியர், அதன் தடம் பற்றித் திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை வந்தடைந்தார். அங்கு மணல் பிரிக்கும் தொழிற்சாலையொன்றும் அமைந்தது. முதலாம் உலக யுத்தம் மூண்டபோது ஜேர்மனியரின் கையிலிருந்த அத்தொழில் பிரித்தானியரின் கைக்கு மாறியது.

இதே காலப்பகுதியில் இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி ஆவார். சப்பிரகமுவப் பகுதியில் கிடைத்த பாரமான கருங்கனிமம் ஒன்றை அவர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1904இல் இலண்டனில் ஆராயப்பட்ட அக்கனிமம் புதியதோர் இனமெனக் கண்டறியப்பட்டு 'தோரியனைற்' எனப் பெயரிடப்பட்டது. அதில் ஒரு தொகையை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ராம்சே பெற்றுக்கொண்டார்.

அவ்வேளையில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஜேர்மனிய இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கைத்தொழில் நிறுவனமொன்றில் வேலை பெறுவதற்கு ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு ராம்சே பணித்தார். அவ்விளைஞரோ ரேடியத்துடன், 'ரேடியோதோரியம்' எனப் பெயரிடப்பட்ட புதிய பொருளொன்றையும் 1905இல் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பு அவரது வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. கைத்தொழில் எண்ணத்தைக் கைவிட்டுக் கதிரியக்க ஆய்வில் இறங்கிய அவர் பேர்லின் திரும்பி, மென்டில் தொழிலின் தோரியக் கழிவிலிருந்து 'மெசோதோரியம்' என்ற பொருளையும் கண்டுபிடித்தார். அவர்தான் ஒட்டோ ஹான். 1938 டிசம்பரில் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனுடன் இணைந்து யுரேனிய அணு பிளவுறுவதற்கான சான்றைக் கண்டவரும் அவரே. நாட்டைவிட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டிருந்த அவருடைய நீண்டகாலச் சக ஆய்வாளர் லிசே மைட்னர், தம் உறவினரான ஒட்டோ பிரிஷ்ஷுடன் சேர்ந்து அதற்கு விளக்கமளித்தார். இலங்கைக் கல் இல்லாவிடின் அணுப்பிளவு அறியப்பட்டிராது எனக் கூறுவது மிகையாகும். எனினும் அதைக் கண்டறிந்தவரை அத்துறைக்குள் இட்டுச் சென்ற கல் அதுவே என்பதை மறுப்பதற்கில்லை.

ரேடியத்தின் கழிவு

இரண்டாவது கண்ணி ரேடியமாகும். 1898இல் கியூரி தம்பதியினர் அதனைக் கண்டுபிடித்த பின்னர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கும் அது வேண்டப்பட்டது. ஒரு கிராமின் விலை ஒரு இலட்சம் டொலரையும் தாண்டிற்று. இயற்கையில் ஒரு கிராம் ரேடியத்துடன் ஏறத்தாழ மூன்று தொன் யுரேனியம் கலந்திருக்கும். ஆகவே ரேடியம் எடுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் யுரேனியம் மலையெனக் குவிந்தது. கண்ணாடிக்கும் மட்பாண்டங்களுக்கும் நிறமூட்டுவதைத் தவிர அதற்குக் குறிப்பிடத்தக்க பயன் இருக்கவில்லை.

1915இல் பெல்ஜியக் கொங்கோவின் கட்டாங்கா மாகாணத்திலுள்ள ஷின்கொலொப்வேயில் யுரேனியத் தாது கண்டறியப்பட்டது. ஏனைய நாடுகளின் தாதுக்களில் யுரேனியத்தின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு வீதத்தையும் எட்டாதிருக்க, அங்கு கிடைத்த சில தாதுக்களில் அது அறுபது வீதத்தையும் தாண்டியது. யூனியன் மினியேர் கம்பனி அத்தாதுவைப் பெல்ஜியத்தின் ஒலென் நகருக்கு அனுப்பி ரேடியத்தைப் பிரித்தெடுத்தது. விலை எழுபதாயிரம் டொலராகச் சரிந்தது. உலகச் சந்தை அக்கம்பனியின் கைக்குள் வந்தது. 1930இல் கனடாவின் கிரேட் பெயார் ஏரிக்கரையில் புதிய படிவுகள் கண்டறியப்பட்டதும் போட்டி மூண்டது. 1930களின் பிற்பகுதியில் கேள்வி குறைந்து ஷின்கொலொப்வே மூடப்பட்டபோது, அகழ்ந்தெடுத்த தாது ஆயிரக்கணக்கான தொன்னாகத் தரைமேல் கிடந்தது.

1939இல் நிலைமை தலைகீழாக மாறியது. யூனியன் மினியேரின் தலைவர் எட்கார் செஞ்ஜியேரை அவ்வாண்டு மே மாதம் இலண்டனில் சந்தித்த சேர் ஹென்றி டிசார்ட், அத்தாது பகைவர் கையில் சிக்கினால் விளையக்கூடிய ஆபத்தை எடுத்துரைத்தார். ஐன்ஸ்டைனின் கடிதத்தைப் பற்றியும் ஒன்று குறிப்பிடத்தக்கது. கடிதம் எழுதும் யோசனையை முன்வைத்த லியோ சிலார்ட், அதனை முதலில் பெல்ஜிய அரசி எலிசபெத்துக்கு அனுப்பவே கருதினார். அரசி ஐன்ஸ்டைனின் நண்பர் என்பதும், கொங்கோவின் தாது பெல்ஜியத்தின் வசமிருந்தது என்பதுமே அதற்குக் காரணங்கள். பின்னர் ரூஸ்வெல்ட்டுக்கென 1939 ஓகஸ்ட் 2ஆம் திகதியிடப்பட்ட கடிதத்திலும் பெல்ஜியக் கொங்கோ பெயர் குறித்துச் சுட்டப்பட்டது. ஆக, அக்கடிதத்தின் மூல நோக்கமே ஆபிரிக்கச் சுரங்கம் ஒன்றைக் காப்பதுதான் எனலாம்.

ஒரே குழி, மூன்று வல்லரசுகள்

ஆபத்தை உணர்ந்த செஞ்ஜியேர் கொங்கோவில் கிடந்த தாதுவில் சுமார் 1,200 தொன்னை 1940இல் கப்பலேற்றி நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அனுப்பினார். இரண்டாயிரம் இரும்புப் பீப்பாய்களில் அது ஒரு களஞ்சியத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1942 செப்டெம்பர் 17ஆம் திகதி மன்ஹட்டன் திட்டத்தின் பொறுப்பு லெஸ்லி குரோவ்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாளே கேர்ணல் கெனத் நிக்கொல்ஸ் செஞ்ஜியேரைச் சந்தித்து, மஞ்சள் தாளொன்றில் எழுதிய குறிப்புடன் முழுவதையும் கொள்வனவு செய்தார். யுரேனியம் அமெரிக்காவுக்கு, ரேடியம் மட்டும் கம்பனிக்கே என்பது உடன்பாடு. பின்னர் ஷின்கொலொப்வே மீளத் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கண்காணிப்பில் மட்டாடித் துறைமுகத்தினூடாகத் தாது இரகசியமாகக் கடல் கடந்தது. மன்ஹட்டன் திட்டம் பெற்ற யுரேனியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே சுரங்கத்தினது.

இக்கதையின் மறுபக்கம் அதிகம் அறியப்படாதது. 1940 மே மாதம் பெல்ஜியத்தை ஆக்கிரமித்த ஜேர்மனியர், ஒலெனிலிருந்த ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட யுரேனியச் சேர்வைகளைக் கைப்பற்றினர். அதனைச் சுத்திகரிக்கும் பணி வழங்கப்பட்டது யாருக்கு? விளக்கு மென்டிலுக்காகத் தோன்றிய அதே அவர் கம்பனிக்கு. அரிய கனிமங்களைச் சுத்திகரிப்பதில் அரை நூற்றாண்டு அனுபவம் அதற்கு இருந்தது. ஒரானியன்பேர்க்கில் அப்பணியை நடாத்திய நிக்கொலாஸ் ரீல், ஹான், மைட்னர் ஆகியோரிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

1945 மார்ச் 15ஆம் திகதி அத்தொழிற்சாலையை அமெரிக்க விமானங்கள் தரைமட்டமாக்கின. அப்பகுதியை நெருங்கிக்கொண்டிருந்த சோவியத் படையினருக்கு அது கிடைத்துவிடக் கூடாதென்பதே குரோவ்ஸின் எண்ணம். ஏப்ரலில் ஸ்டாஸ்பூர்ட் உப்புச் சுரங்கப் பகுதியிலிருந்து சுமார் 1,100 தொன் தாதுவை நேசப்படையினர் மீட்டனர். எனினும் நொய்ஸ்டட் கிளேவெ எனும் ஊரில் நூறு தொன்னுக்கு மேற்பட்ட யுரேனிய ஒட்சைட்டைச் சோவியத் விஞ்ஞானிகள் கண்டெடுத்தனர். ஜேர்மனியரின் கையிருப்பில் பெரும்பகுதி பெல்ஜியத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகும். அதன் துணையுடன் 1946 டிசம்பர் 25ஆம் திகதி மொஸ்கோவில் சோவியத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. ரீலும் சோவியத் யூனியனுக்குச் சென்று யுரேனிய உலோகம் தயாரித்துக் கொடுத்தார். 1949 ஓகஸ்ட் 29ஆம் திகதி சோவியத் குண்டு வெடித்தது. ஒன்றையொன்று அழிக்க முனைந்த மூன்று வல்லரசுகளின் அணுத் திட்டங்களும் இவ்வாறு ஒரே கொங்கோ மண்ணுடன் தொடர்புபட்டிருந்தன.

தோரியமும் மறக்கப்படவில்லை. அது தானாக வெடிப்பொருளாகாதாயினும், அணு உலையில் அதனை யுரேனியம் 233 ஆக மாற்ற முடியும். எனவே ரூஸ்வெல்ட்டும் சேர்ச்சிலும் 1944 ஜூனில் இரகசியமாக அமைத்த கூட்டு நிறுவனம், உலகின் யுரேனியத்துடன் தோரியத்தையும் தம் கட்டுப்பாட்டினுள் கொண்டுவர முனைந்தது. விளக்குக்கென அள்ளப்பட்ட திருவிதாங்கூர் மணல் ஒரே இரவில் போர்த்தந்திரப் பொருளாயிற்று. 1947இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக்க முயன்ற திவான் சி.பி. இராமசுவாமி ஐயரின் கணக்குகளில் அம்மணலுக்கும் இடமிருந்தது. சுதந்திர இந்தியா 1948இல் அணுசக்திச் சட்டத்தை இயற்றி, அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொழிலை அரசின் வசமாக்கியது. இன்று மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

எழுதப்படாத பெயர்கள்

இத்தொடர்புகளில் ஓர் ஒழுங்கு தென்படுவதை நாம் காணலாம். கனிமத்தின் எடை எழுதப்பட்டது, தரம் எழுதப்பட்டது, பீப்பாய்களின் தொகைகூட எழுதப்பட்டது. அதனைத் தோண்டியோரின் பெயர்களோ எழுதப்படவில்லை. 1941 டிசம்பரில், இன்று லுபும்பாஷி என அழைக்கப்படும் எலிசபெத்வில்லில், கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த யூனியன் மினியேர் தொழிலாளர் மீது விளையாட்டரங்கில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் மாண்டனர். அணுகுண்டின் வரலாற்று நூல்களில் இச்சம்பவத்தைக் காண்பது அரிது. தாது எதற்கென்பது அதனைச் சுமந்தோருக்கு அறிவிக்கப்படவுமில்லை.

வெகுமதிகள் பங்கிடப்பட்ட விதமும் நோக்கத்தக்கது. 1946இல் அமெரிக்க அரசு செஞ்ஜியேருக்கு உயர் விருது வழங்கியது. ஒரு கனிமத்துக்கு அவரது பெயரும் சூட்டப்பட்டது. பெல்ஜியத்துக்கு அணு ஆராய்ச்சி வசதிகள் கிட்டின. கொங்கோவுக்கு, 1959இல் தலைநகரில் இயங்கத் தொடங்கிய சிறிய ஆராய்ச்சி உலை ஒன்று கிடைத்தது. 1960இல் அந்நாடு சுதந்திரமடைய முன்னரே ஷின்கொலொப்வேயின் வாயில்கள் கொங்கிரீட்டினால் அடைக்கப்பட்டன. எனினும் வறுமையுற்ற மக்கள் அங்கு கையால் தோண்டுவதை நிறுத்தவில்லை. 2004 ஜூலையில் சுரங்கப்பகுதி சரிந்து சிலர் மடிந்தனர்.

குண்டு விழுந்த இடத்திலும் இதே மறதியே நிலவியது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் வெடித்த குண்டில் 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் அங்கு மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியக் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியர். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரும் அவர்களிடையே இருந்தனர். அவர்களுக்கான நினைவுத்தூண் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியே நிறுவப்பட்டது. அது பூங்காவினுள் இடம்பெற 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கனடாவின் கிரேட் பெயார் ஏரிக்கரையில் வாழும் டெனே எனும் பூர்வீகக் குடியினர், ஏரிக்கரைச் சுரங்கத்தின் தாது மூட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள். அத்தாதுவும் மன்ஹட்டன் திட்டத்துக்குச் சென்றது. தாம் சுமந்தது எதுவென்பதைப் பல தசாப்தங்களின் பின்னர் அறிந்துகொண்ட அவர்களுள் அறுவர், 1998 ஓகஸ்டில் ஹிரோஷிமாவுக்குப் பயணமாகி, குண்டினால் பாதிக்கப்பட்டோரிடம் வருத்தம் தெரிவித்தனர். அறியாமற் சுமந்தவர்கள் அவர்கள். அறிந்தே வாங்கியவர்களும் விற்றவர்களும் வரலாற்றின் பக்கங்களில் விருதுகளுடன் நிற்கின்றனர்.

விஞ்ஞானத்தின் வரலாற்றைக் கற்கும்போது ஆய்வுகூடத்தின் கதவுடன் நாம் நின்றுவிடலாகாது. அங்கு மேசைமீது வைக்கப்பட்ட கல் எங்கிருந்து வந்தது, அதனைத் தோண்டியவருக்கு என்ன கிடைத்தது, அது யார்மீது சென்று விழுந்தது எனும் வினாக்களும் அவ்வரலாற்றின் பகுதிகளே. பொறுப்பு யாரைச் சாரும் என்பதைத் தீர்மானிக்க அவையின்றி வேறு வழியில்லை.