சோக்கிலிருந்து டிரைவர் வரை

சென்னைக்கு மேற்கே ஏரிகளும் வயல்களுமாகக் கிடந்த அம்பத்தூர், ஆவடி வட்டாரம் சுதந்திரத்துக்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் தொழில் நகரமாக உருமாறிய சரித்திரத்தைச் சொல்ல வருபவர்கள், 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபையையும், அம்பத்தூரில் எழுந்த சைக்கிள், டயர் ஆலைகளையும், 1965இல் ஆவடியில் உருவாகி வெளிவந்த விஜயந்தா டாங்கியையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். அந்தக் கூடங்களில் இரவு ஷிப்ட் நடப்பதற்கு வெளிச்சம் தந்த சாதனங்களைப் பற்றி ஏனோ ஒருவரும் எழுதுவதில்லை.

பழைய குண்டு பல்பு சாதுவான பிறவி. அதன் இழை சூடேற ஏற மின்தடையும் உயர்வதால், மின்னோட்டம் தானே ஓர் எல்லையில் நின்றுவிடும். டியூப்லைட்டின் சுபாவம் இதற்கு நேர்மாறானது: உள்ளிருக்கும் வாயு ஒருமுறை பற்றிக்கொண்டால் தடை குறைந்துகொண்டே போகும், மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், தடுப்பார் இல்லாவிட்டால் குழல் கணப்பொழுதில் நாசமாகும். நான்கடி நீளமுள்ள 40 வாட் குழல் எரியும்போது தனக்கென எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 100 வோல்ட்தான். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். மிகுதியைத் தாங்கி, மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் அடக்கிவைத்தது சோக். இரும்புத் தகடுகளின் மேல் எனாமல் பூசிய தாமிரக் கம்பியைச் சுற்றி, தகரப் பெட்டிக்குள் தார் போன்ற மசியை ஊற்றி அடைத்த அந்தக் கனத்த பொருள், தகடுகள் சற்றுத் தளர்ந்தால் இரவெல்லாம் ரீங்காரமிடும். பத்து வாட்டுக்கும் மேலான மின்சாரத்தை வெறும் உஷ்ணமாக விரயமும் செய்யும்.

பொருத்தம் பார்க்கும் வித்தையை எலக்ட்ரீஷியன்கள் கற்றது இந்தச் சோக்கிடம்தான். 40 வாட் குழலுக்கு 40 வாட் சோக், 20 வாட் குழலுக்கு 20 வாட் சோக் என்பது பாலபாடம். இரண்டடிக் குழல்கள் இரண்டைச் சீரீஸில் கோத்து, அதற்குரிய ஸ்டார்ட்டர்களைப் போட்டு, ஒரே 40 வாட் சோக்கில் எரிய வைப்பது அடுத்த பாடம். பின்னர் வந்த எலெக்ட்ரானிக் சோக் எடையையும் ரீங்காரத்தையும் குறைத்ததே தவிர, சித்தாந்தத்தை மாற்றவில்லை.

டியூப்லைட்டுக்கு அடுத்து வந்தது எல்.இ.டி. விளக்கு. 1962இல் அமெரிக்காவில் சிவப்பு எல்.இ.டி. பிறந்தது; 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. கைகூடி, அதன் வழியே வெள்ளை ஒளியும் சாத்தியமாயிற்று. அந்த நீலத்துக்காக மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியபின் எல்.இ.டி. பல்பு ஏழை வீட்டுக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. இதுவும் டியூப்லைட்டின் ஜாதிதான். சுமார் 3 வோல்ட்டில் எரியும் 1 வாட் எல்.இ.டி.க்கு வோல்டேஜ் இம்மியளவு கூடினாலும் மின்னோட்டம் பலமடங்கு பாயும். போதாக்குறைக்கு, சூடேறும்போது அதற்கு வேண்டிய வோல்டேஜும் குறைவதால், வோல்டேஜை மட்டும் நிலையாக வைத்திருப்பது அதைக் காப்பாற்றாது. மின்னோட்டத்தையே நிலையாக நிறுத்தும் டிரைவர் தேவைப்பட்டது இதனால்தான்.

சென்னையில் எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் டிரைவரும் எல்.இ.டி.யும் தனித்தனியே வாங்கிவந்து, பட்டறைக்கோ மொட்டை மாடிக்கோ தாமே விளக்குச் செய்துகொள்ளும் ஆர்வலர் முதலில் படிக்க வேண்டியது டிரைவரின் முதுகில் உள்ள எழுத்தை. ‘8 முதல் 12 வரை, 1 வாட், 24–42 வோல்ட், 300 மில்லியாம்பியர்’ என்றிருந்தால், எட்டுக்குக் குறையாமலும் பன்னிரண்டுக்கு மேற்படாமலும் எல்.இ.டி.க்களைச் சீரீஸில் கோக்கலாம் என்று அர்த்தம். மூன்றே மூன்றைக் கோத்தால் 9 வோல்ட்தான் ஆகும். டிரைவர் அந்த அளவுக்கு இறங்கத் தெரியாமல் விட்டுவிட்டு மின்னும். இருபதைக் கோத்தால் சரியாக எரியாது. 600 மில்லியாம்பியர் டிரைவரில் இரண்டு வரிசைகளைப் பேரலலாக இணைத்தவர் பிழைத்தார் என்று நினைக்கலாம். ஆனால் ஒரு வரிசை அறுந்த நிமிஷத்தில் முழு 600உம் மற்ற வரிசையின் தலையில் விழும். விலை மலிந்த டிரைவர்கள் பலவற்றில் மெயின் மின்சாரத்துக்கும் வெளிவரும் கம்பிக்கும் இடையே பிரிவே கிடையாது. விளக்கு எரியும்போது எல்.இ.டி.க்கள் பதித்த அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்ப்பது பிராணாபத்து.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைப் பட்டறைகளில் சித்திரை வைகாசி வெயிலில் முதலில் மாய்வது பெரும்பாலும் எல்.இ.டி. அல்ல, டிரைவருக்குள் இருக்கும் கண்டென்சர்தான். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். டிரைவரைக் கூரையை ஒட்டிக் கட்டாமல், காற்றுப் படும்படி கீழே இறக்கி வைப்பவரே விஷயம் தெரிந்தவர்.

அண்மையில் வரும் பல்புகளிலோ டிரைவருக்கெனத் தனி இடமே இல்லை. எல்.இ.டி. சிப்புகள் பதித்த தகட்டிலேயே டிரைவரின் வேலையைச் செய்யும் ஐ.சி.யையும் பதித்துவிடுகிறார்கள். கரும்புள்ளி விழுந்த சிப்பைக் கண்டுபிடித்து, அதன் இரு முனைகளையும் ஈயத்தால் ஷார்ட் செய்து மீண்டும் எரியவைக்கும் கடைக்காரரின் கைப்பழக்கம், தனி டிரைவர் உள்ள பல்புக்குப் பெரும்பாலும் கெடுதி செய்யாது. ஒற்றைத் தகட்டுப் பல்பிலோ, இறந்த சிப் தாங்கிய வோல்டேஜையும் அந்தச் சிறிய ஐ.சி.யே சூடாகச் சுமக்க வேண்டியிருக்கிறது; ரிப்பேருக்கு வந்த பல்பு மறுபடியும் அதே கடைக்குத் திரும்பி வருவது அதனால்தான்.