காற்றுத் துப்பாக்கி முன்மாதிரிகள்

வெடிமருந்து இல்லாமல், அழுத்திய காற்றின் விசையால் ஈயக்குண்டைச் செலுத்தும் துப்பாக்கிகளில், விற்பனைக்கு வருமுன் சோதனைக்காக ஒன்றிரண்டாகச் செய்யப்பட்டவை. ஆலையில் வார்க்காமல் கையால் கடைந்த பாகங்கள், பின்னர் கைவிடப்பட்ட விசையமைப்பு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். அலங்கார வேலைப்பாட்டைவிட இந்தத் தடயங்களே சேகரிப்பாளருக்கு மதிப்பானவை.

1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்ற ஜிராண்டோனி துப்பாக்கி காற்றுத் துப்பாக்கிகளின் பெருஞ்சாதனை. அதன் பின்கட்டையே காற்றுக் கலன். சுமார் 20 குண்டுகளை மீண்டும் காற்றடைக்காமல் சுடலாம்.

காற்றுக் கலனுக்குப் பதில், சுருள்வில் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்தும் பழைய துப்பாக்கியைச் சுடுவதில் நிதானம் வேண்டும். பிஸ்டனின் தோல் வளையம் உலர்ந்திருந்தால் காற்று கசியும். அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். குண்டு போடாமல் விசையை இழுத்தால், தடுக்கக் காற்றழுத்தம் இன்றி பிஸ்டன் மோதிச் சேதமாகும். மாற்றுப் பாகம் கிடைக்காத முன்மாதிரிக்கு இது பேரிழப்பு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். சுட்டபின் கைரேகையைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுவது கட்டாயம்.

தமிழ்நாட்டில் காற்றுத் துப்பாக்கியின் பெருமை விளையாட்டில்தான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார்.

4.5 மி.மீ. துளையையோ 20 ஜூல் ஆற்றலையோ மீறும் காற்றுத் துப்பாக்கிகளை, 2016 ஆயுத விதிகளைப் பார்த்த பிறகே வாங்குக. பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.