வெங்காயக் காலமும் பட்டினிக் காலமும்

எழுபதுகள் எண்டாலே எங்கட அம்மப்பாவின்ர முகம் மலரும். வெங்காயம் வித்த காசிலதான் கல்வீடு கட்டினது எண்டு இப்பவும் சொல்லுவார். இதை நான் கம்பஸில் பெருமையாகச் சொன்னபோது, மலையகத்திலிருந்து வந்த என் சிநேகிதி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டிக்கு அது பட்டினிக் காலம்" என்றாள். ஒரே நாடு, ஒரே அரசாங்கம், அதே வருடங்கள். பிறகு எப்படி இந்த வித்தியாசம்?

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியில் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி எல்லாவற்றின் விலையும் ஏற, கூப்பன் அரிசி வெட்டப்பட்டது. பாண் கியூக்கள் நீண்டன. அரிசியை இடம் விட்டு இடம் கொண்டு போகக்கூடத் தடை.

இந்த அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. கிராமத்து வீட்டில் ஒரு பலாமரம், கொஞ்சம் மரவள்ளி எண்டாலும் இருக்கும். லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லை. கூலியும் கூப்பனும்தான் சாப்பாடு. இரண்டும் சுருங்கியபோது, 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது.

அதே 1974 நவம்பரில் ரோமில் உலக உணவு மாநாடு நடந்தது. பத்து வருடத்துக்குள் எந்தப் பிள்ளையும் பசியோடு படுக்கப் போகாது என்று அங்கே இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்குத்தான். ஆனால் ரோமுக்கும் லயத்துக்கும் நடுவில் யார் இருந்தார்கள்?

நெல் விவசாயிகளுக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொடுத்தது. குறைகள் இருந்தாலும், ஊர் மட்டத்தில் கதைக்க ஓர் இடம் இருந்தது. கிராமத்துக்குச் சங்கக்கடை இருந்தது. தோட்டத்தில் எல்லாமே நிர்வாகத்தின் கையில். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள், அடுத்த வருடமே வாக்கும் போனது. வாக்கில்லாதவரின் பசியைக் கணக்கெடுக்க எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை.

பிறகு வந்த உள்ளூராட்சியும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே இருந்தது. வாக்கு திரும்பக் கிடைத்த பிறகும், தாங்கள் வாக்குப் போட்ட சபையிடம் ஒரு பாதையைக் கேட்க முடியாத நிலை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ரோம் மாநாடு நடந்து 44 வருடங்களுக்குப் பிறகு!

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. எழுபதுகளில் பசி தாங்காமல் பல மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்தன. வடக்கின் வயல்களிலும் தோட்டங்களிலும் குறைந்த கூலிக்கு வேலை செய்தன. அவர்களை எங்கட ஆக்கள் எப்படி நடத்தினார்கள் எண்டதை நாங்கள் வெங்காயக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை.

2015இல் ஐ.நா. மறுபடியும் ஓர் இலக்கு வைத்தது: 2030இல் பசியே இருக்கக்கூடாது. அதற்கிடையில் 2022 செப்டெம்பரில் எங்கட உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. உலகம் இலக்கு வைப்பதில் பிழையில்லை. ஆனால் எங்கட பிரதேச சபைக்குள் எத்தனை வீடுகளில் இரவுச் சாப்பாடு இல்லை எண்டு கேட்கவும், கேட்டால் ஏதாவது செய்யவும் ஆள் இல்லாவிட்டால், 2030உம் இன்னொரு 1974தான்.

போன லீவில் அம்மப்பாவிடம் கேட்டேன்: "அந்தக் காலத்தில உங்கட தோட்டத்தில வெங்காயம் கிண்டினது ஆர்?" அவர் கன நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.