தென்னாப்பிரிக்கப் பள்ளி ஆட்சிக்குழுக்கள்: வரலாறு

தென்னாப்பிரிக்காவின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழு ஒன்று செயல்படுகிறது. பெற்றோர், ஆசிரியர், ஆசிரியரல்லாத பணியாளர் ஆகியோரின் பிரதிநிதிகளும் தலைமையாசிரியரும் இதில் உறுப்பினர்கள். எட்டாம் வகுப்பு அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகள் உள்ள பள்ளிகளில் மாணவர்களும் உறுப்பினர்களாக இருப்பர். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் இந்த அமைப்பை உருவாக்கியது. இக்குழுக்களுக்கு இருவேறு மூலங்கள் உண்டு. ஒன்று, கறுப்பின மக்களின் கல்விப் போராட்டம். மற்றொன்று, வெள்ளையர் பள்ளிகளைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க விரும்பிய பெற்றோரின் ஏற்பாடு. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே இக்குழுக்களின் பிற்கால வரலாறாக அமைந்தது.

பாண்டு கல்வியும் பள்ளி வாரியங்களும்

நிறவெறி அரசு 1953இல் பாண்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலும் கிறித்தவ சமய நிறுவனங்கள் நடத்திவந்த ஆப்பிரிக்கர் பள்ளிகள் மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆப்பிரிக்கக் குழந்தைகளை அடிநிலை வேலைகளுக்கு மட்டுமே ஆயத்தப்படுத்தும் கல்வி என்று இது கடுமையாக எதிர்க்கப்பட்டது.

இந்தச் சட்டத்தின் கீழும் பள்ளிக் குழுக்களும் பள்ளி வாரியங்களும் இருந்தன. உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தனர். மற்றவர்களை அரசு நியமித்தது. பாடத்திட்டம், பயிற்றுமொழி, நிதி ஒதுக்கீடு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை இவற்றுக்கு இல்லை. கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது, அரசுக்குப் பிடிக்காத ஆசிரியர்களை விலக்குவது போன்ற வேலைகள் இவற்றின் தலையில் விழுந்தன. இதனால் இவ்வாரியங்களில் அமர்ந்தவர்களை மக்கள் அரசின் ஆட்களாகவே பார்த்தனர்.

நேட்டாலில் இந்தியர்களின் நிலை சற்று வேறுபட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர், தெலுங்கர் உள்ளிட்டோரின் வழிவந்தவர்கள் தம் பணத்திலும் உழைப்பிலும் பள்ளிகளைக் கட்டி, அரசின் உதவித்தொகையைப் பெற்று நடத்தினர். அப்பள்ளிகளில் சமூகப் பெரியவர்களின் சொல்லுக்கு இடமிருந்தது. 1965ஆம் ஆண்டின் இந்தியர் கல்விச் சட்டம் இந்தியர் கல்வியை நடுவண் அரசின் தனித் துறையின்கீழ் கொண்டுவந்தது. பள்ளியைக் கட்டிய சமூகத்தின் செல்வாக்கு குறைந்து, துறை அதிகாரிகளின் பிடி இறுகியது.

சோவேட்டோ, 1976

1970களின் நடுவில், ஆப்பிரிக்கர் பள்ளிகளில் கணிதம் உள்ளிட்ட சில பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. மாணவர்களுக்கு அம்மொழி போதிய அளவு தெரியாது. ஆசிரியர்களில் பலருக்கும் அதில் பாடம் நடத்தும் பயிற்சி இல்லை. சோவேட்டோவின் மெடோலாண்ட்ஸ் பகுதிப் பள்ளி வாரியம் இந்த ஆணையை ஏற்க மறுத்தது. 1976இன் தொடக்கத்தில் அதன் உறுப்பினர் இருவரை அரசு நீக்கியது. மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினர். அரசே அமைத்த வாரியங்களுக்கும் உண்மையான அதிகாரம் இல்லை என்பது இதனால் வெளிப்படையானது.

1976 ஜூன் 16 அன்று சோவேட்டோ மாணவர்கள் ஊர்வலமாகத் திரண்டனர். காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. நாடெங்கும் பரவிய கிளர்ச்சியில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பயிற்றுமொழி ஆணையை அரசு பின்னர் கைவிட்டது. பள்ளி பற்றிய முடிவை யார் எடுப்பது என்ற கேள்வி அதன்பின் அரசியலின் மையத்துக்கு வந்தது.

பெற்றோர், ஆசிரியர், மாணவர் சங்கங்கள்

1979இல் தென்னாப்பிரிக்க மாணவர் காங்கிரஸ் உருவானது. பள்ளிதோறும் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் மாணவர் மன்றம் வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. ஆசிரியர்கள் பெரும்பாலும் தாமே நியமித்த மாணவத் தலைவர்களைக் கொண்டு பள்ளியை நடத்திய காலம் அது. 1980களின் தொடக்கத்தில் வகுப்புப் புறக்கணிப்புகள் பெருகின. 1985 ஆகஸ்டில் அரசு இந்த அமைப்பைத் தடை செய்தது.

புறக்கணிப்பு நீண்டதால் பெற்றோர் கவலைப்பட்டனர். விடுதலை முதலில், படிப்பு பிறகு என்ற முழக்கம் இளைஞரிடையே வலுப்பெற்றிருந்தது. குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் படிப்பை இழக்கும் நிலையில், சோவேட்டோ பெற்றோர் நெருக்கடிக் குழு 1985 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மாநாட்டைக் கூட்டியது. மாணவர்கள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்றும், அரசின் பள்ளிக் குழுக்களுக்கு மாற்றாகப் பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவரும் சேர்ந்த சங்கங்களை அமைக்க வேண்டும் என்றும் அம்மாநாடு முடிவு செய்தது. மக்கள் அதிகாரத்துக்கான மக்கள் கல்வி என்பது அதன் முழக்கமாயிற்று.

1986 மார்ச்சில் டர்பனில் நடந்த அடுத்த மாநாட்டில் தேசியக் கல்வி நெருக்கடிக் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, அதன் தலைவர்கள் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். 1988 பிப்ரவரியில் அரசு முடக்கிய 17 அமைப்புகளுள் இதுவும் ஒன்று. எனினும் பல பள்ளிகளில் மூவர் சங்கங்கள் தொடர்ந்தன. சட்டத்தின் துணை இல்லாத இச்சங்கங்கள் அவ்வப் பகுதி மக்களின் ஆதரவை நம்பியே இயங்கின. பின்னாளில் சட்டம் ஏற்றுக்கொண்ட பிரதிநிதித்துவ முறைக்கு இவையே முன்மாதிரி.

'சி' மாதிரிப் பள்ளிகள்

நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரவிருந்த 1990இல், வெள்ளையர் பள்ளிகளுக்குப் பல புதிய மாதிரிகளை அரசு முன்வைத்தது. அவற்றுள் 'சி' மாதிரி எனப்பட்டது நிலைபெற்றது. இதன்படி ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்; பிற செலவுகளைப் பெற்றோர் கட்டணமாகச் செலுத்துவர். பள்ளியின் நிலமும் கட்டடமும் ஆட்சிக்குழுவுக்கு உரிமையாகும். மாணவர் சேர்க்கையையும் அதுவே முடிவு செய்யும். 1992இல் பெரும்பாலான வெள்ளையர் அரசுப் பள்ளிகள் இந்த மாதிரிக்கு மாற்றப்பட்டன.

பல தலைமுறைகளாக அரசுப் பணத்தில் கட்டப்பட்ட வகுப்பறைகளும் ஆய்வகங்களும் விளையாட்டுத் திடல்களும், எல்லோருக்கும் வாக்குரிமை வருவதற்குச் சற்று முன்பு, பெற்றோர் குழுக்களின் கைக்கு மாறின. பெற்றோர் பங்கேற்பு என்ற அதே கருத்து இங்கே வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

1996ஆம் ஆண்டுச் சட்டம்

1994 தேர்தலுக்குப் பின் சிபுசிசோ பெங்கு கல்வி அமைச்சரானார். இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளை ஒரே அமைப்புக்குள் கொண்டுவர பீட்டர் ஹண்டர் தலைமையிலான ஆய்வுக்குழு 1995இல் பரிந்துரைகளை அளித்தது. முன்னாள் வெள்ளையர் பள்ளிகளின் பெற்றோர் தம் அதிகாரத்தை விடத் தயாராக இல்லை. எல்லாப் பள்ளிகளையும் முழுமையாக நடத்தும் நிதி அரசிடமும் இல்லை. வசதியுள்ள பெற்றோர் தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டால் அரசுப் பள்ளிகள் மேலும் தளரும் என்ற அச்சமும் இருந்தது. இந்தச் சூழலில் 1996 நவம்பரில் நிறைவேறிய சட்டம் 1997 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் முதன்மையான விதிகள் பின்வருமாறு:

- பள்ளியின் ஆளுகை ஆட்சிக்குழுவுக்கு உரியது. அன்றாடக் கல்விப் பணியை நடத்துவது தலைமையாசிரியரின் பொறுப்பு.
- வாக்குரிமை உள்ள மற்ற உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஆசிரியர் 3, பணியாளர் 1, மாணவர் 3, தலைமையாசிரியர் 1 என 8 பேர் இருந்தால், பெற்றோர் 9 பேர் இருப்பர்.
- குழுவின் தலைவர் பெற்றோருள் ஒருவராக இருக்க வேண்டும். அவர் அப்பள்ளியில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது.
- எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளில் மாணவர் பிரதிநிதி மன்றம் கட்டாயம். ஆட்சிக்குழுவின் மாணவ உறுப்பினர்களை அம்மன்றமே தேர்ந்தெடுக்கும்.
- மாணவ உறுப்பினரின் பதவிக்காலம் அதிகபட்சம் ஓராண்டு, மற்றவர்களுக்கு மூன்றாண்டு. வயது நிரம்பாத மாணவர் பள்ளிக்கு நிதிப்பொறுப்பை ஏற்படுத்தும் தீர்மானங்களில் வாக்களிக்க இயலாது.
- சேர்க்கைக் கொள்கை, மொழிக் கொள்கை, மாணவர் நடத்தை விதிகள் ஆகியவற்றை ஆட்சிக்குழு வகுக்கும். ஆசிரியர் நியமனத்துக்குப் பரிந்துரை செய்யும்.
- வரவு செலவுத் திட்டத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் பெற்றோர் கூட்டம் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யும்.

'சி' மாதிரியில் ஆட்சிக்குழுக்களுக்கு மாறிய சொத்துகள் மீண்டும் அரசுக்கு உரிமையாயின. ஆனால் அவற்றை நிர்வகிக்கும் பொறுப்பு குழுக்களிடமே இருந்தது. மூவர் சங்கங்களின் பிரதிநிதித்துவ முறையும், 'சி' மாதிரியின் அதிகாரங்களும் கட்டணமும் ஒரே சட்டத்தில் இணைந்தன.

சம உரிமையும் சமமற்ற வசதியும்

சட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. பள்ளிகளின் நிலை அவ்வாறு இருக்கவில்லை. வசதியான நகர்ப்பகுதிப் பள்ளியின் குழுவில் வழக்கறிஞரும் கணக்காளரும் இருந்தனர். கட்டணப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை அமர்த்தி வகுப்பின் அளவைக் குறைக்க அக்குழுவால் முடிந்தது. கிராமப்புறப் பள்ளியின் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும், பிழைப்புக்காக வெளியூர் சென்ற பெற்றோருக்குப் பதிலாகப் பாட்டிமாரும் இருந்தனர். குடிநீரும் கழிப்பறையும் இல்லாத பள்ளியில் தீர்மானிப்பதற்குப் பணமே இருக்காது. கூட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தால் தலைமையாசிரியர் சொல்வதே முடிவாகிவிடும்.

மாணவர்களின் நிலையும் இதற்கு நெருங்கியதே. குழுவில் இடம் கிடைத்தாலும், ஆசிரியர் மீதான புகாரோ பணமோ பேசப்படும்போது மாணவர்களை வெளியே அனுப்பும் வழக்கத்தை ஆய்வாளர்கள் பலர் பதிவு செய்துள்ளனர். தன் மதிப்பெண்ணை முடிவு செய்யும் ஆசிரியருக்கு எதிரே அமர்ந்து மாணவர் மறுத்துப் பேசுவதும் எளிதன்று.

கட்டணச் சுமையைக் குறைக்க, 2007 முதல் மிக வறிய பகுதிப் பள்ளிகள் கட்டணமில்லாப் பள்ளிகளாக அறிவிக்கப்பட்டன. பின்னர் இத்திட்டம் விரிவடைந்தது. நியமனப் பரிந்துரை அதிகாரத்திலும் முறைகேடுகள் நேர்ந்தன. ஆசிரியர் பணியிடங்கள் விலைக்கு விற்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளை ஜான் வோல்மிங்க் தலைமையிலான அமைச்சகக் குழு ஆராய்ந்து 2016இல் அறிக்கை அளித்தது. நியமனங்களில் ஆட்சிக்குழுவின் பங்கைக் குறைக்க அது பரிந்துரைத்தது.

நீதிமன்றங்களின் முன்

ஆட்சிக்குழுவின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அரசியலமைப்பு நீதிமன்றம் சில வழக்குகளில் விளக்கியது.

முதலாவது, தமிழ் மரபோடு தொடர்புடையது. டர்பனில் உள்ள ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நடத்தை விதிகள் மூக்குத்தி அணிவதைத் தடை செய்தன. தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், பூப்பெய்திய பெண்ணுக்கு மூக்குக் குத்துவது தம் குடும்ப மரபு என்று விலக்குக் கோரினார். பள்ளி மறுத்தது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு, இது நியாயமற்ற பாகுபாடு என்று கூறியது. சமயம், பண்பாடு சார்ந்த விலக்குகளுக்கு இடமளிக்குமாறு விதிகளை மாணவர், பெற்றோர், பணியாளர் ஆகியோருடன் கலந்து திருத்தவும் ஆணையிட்டது. தீர்ப்பு வந்தபோது அம்மாணவி அப்பள்ளியை விட்டு வெளியேறியிருந்தார். பெரும்பான்மைப் பெற்றோர் ஏற்ற விதியாயினும் சிறுபான்மையினரின் உரிமையை அது மீறக் கூடாது என்பது உறுதியாயிற்று.

இரண்டாவது, ம்புமலாங்கா மாகாணத்தின் எர்மெலோ நகர வழக்கு. ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே பயிற்றுமொழியாக இருந்த உயர்நிலைப் பள்ளியில், ஆங்கிலவழியில் படிக்க விரும்பிய எட்டாம் வகுப்பு மாணவர் 113 பேருக்கு 2007இல் இடம் மறுக்கப்பட்டது. 2009 அக்டோபரில் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே எழுதிய தீர்ப்பு இரு தரப்புக்கும் வரம்பு வகுத்தது. ஆட்சிக்குழுவின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வேறொரு இடைக்காலக் குழுவை மாகாணக் கல்வித் துறை அமர்த்திய முறை சட்டத்துக்குப் புறம்பானது. அதேநேரத்தில், மொழிக் கொள்கையை வகுக்கும் குழு தன் மாணவர்களை மட்டுமன்றிச் சுற்றியுள்ள சமூகத்தின் தேவையையும் கருத வேண்டும். கொள்கையை மறுபரிசீலனை செய்து தனக்கு அறிக்கை தருமாறு குழுவுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

மூன்றாவது, ஜோகன்னஸ்பர்க்கின் ரிவோனியா தொடக்கப் பள்ளி வழக்கு. பள்ளியில் எத்தனை இடங்கள் என்பதைக் குழு வரையறுத்தாலும் அதுவே இறுதி அன்று; மாகாண அரசு தலையிடலாம், ஆனால் நியாயமான நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

2024ஆம் ஆண்டுத் திருத்தம்

இத்தீர்ப்புகளின் தொடர்ச்சியாக அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா 2024 செப்டம்பர் 13 அன்று அதில் கையெழுத்திட்டார். சேர்க்கைக் கொள்கையையும் மொழிக் கொள்கையையும் ஆட்சிக்குழு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கற்பிக்குமாறு பள்ளிக்கு அவர் ஆணையிடலாம். ஆப்பிரிக்கான்ஸ் மொழி அமைப்புகளும் சில அரசியல் கட்சிகளும் இதை எதிர்த்தன. இவ்விரு பிரிவுகளும் பேச்சுவார்த்தைக்காக மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன.

எதிர்ப்பாளர்கள் இதைப் பெற்றோரின் உரிமையைப் பறிக்கும் செயலாகக் கண்டனர். ஆதரவாளர்களோ, வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆட்சிக்குழுத் தேர்தலில் வாக்கு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினர். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே வாக்காளர்கள்; புதிதாக நுழைய விரும்புபவர்களுக்காகப் பேச வேறொருவர் தேவை என்பது அவர்களின் வாதம்.

மதிப்பீடு

மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் நடைபெறும் ஆட்சிக்குழுத் தேர்தல்களில் பெற்றோர் பங்கேற்கின்றனர். 1976இல் தம் பிள்ளைகளின் பயிற்றுமொழி பற்றிக் கருத்துச் சொன்னதற்காகவே வாரிய உறுப்பினர்கள் நீக்கப்பட்ட நாட்டில் இது பெரிய மாற்றம். ஆனால் பிரதிநிதித்துவம் மட்டும் பள்ளிகளைச் சமமாக்கவில்லை. பணமும் பயிற்சியும் புரியும் மொழியில் தகவலும் கிடைத்த இடங்களில் குழுக்கள் வலுவாயின. கிடைக்காத இடங்களில் பெயரளவில் நின்றன. பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அதற்குள் இருப்பவர்களுக்கு எவ்வளவு, அதற்கு வெளியே காத்திருக்கும் குழந்தைகளுக்கு எவ்வளவு என்ற கேள்வி 2024 திருத்தத்துக்குப் பின்னும் அங்கு விவாதத்தில் உள்ளது.