கவின் என்றால் அழகு: கடலூரில் பிறந்த ஒரு சிறு பொட்டலத்தின் வரலாறு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொற்பொருள் கற்பித்துக் கொண்டிருந்தேன். வெண்பலகையில் ‘கவின்’ என்று எழுதிப் பொருள் கேட்டேன். வகுப்பில் ஆழ்ந்த அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, அது மீரா சீயக்காய்ப் பாக்கெட்டுக்குப் பின்னால இருக்கிற பேரு. அம்மா கிள்ளான் கடையில வாங்குவாங்க” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அவள் சொன்னது தவறில்லை. கவின்கேர் என்னும் நிறுவனத்தின் பெயரில் இருப்பது நம் தமிழ்ச்சொல்லாகிய ‘கவின்’தான். அழகு என்பது அதன் பொருள்.

அந்நிறுவனம் வளர்ந்த வரலாற்றை அன்று பத்து நிமிடங்களில் மாணவர்களுக்குச் சொன்னேன். இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இறுதியில் கூறுவேன்.

சொல் சென்று திரும்பிய வழி

‘ஷாம்பு’ என்னும் சொல்லை ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது இந்தி மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல். அமுக்குதல், பிடித்துவிடுதல் என்பனவே அதன் பழம்பொருள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல்பிடித்தலும் சேர்ந்த குளியலகம் ஒன்றை நடத்தினார். ஆங்கிலேய அரசர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். பின்னாளில் அச்சொல் தலைமுடி கழுவும் நீர்மத்தைக் குறிக்கத் தொடங்கி, கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு, விலை கூடி, இந்தியாவிற்கே திரும்பி வந்தது. அப்போது ஏழைக்கு அது எட்டாக்கனி ஆகியிருந்தது.

நம் நாட்டுத் தோட்டங்களிலும் அதே நிலைதான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் வெள்ளிக்கிழமை என்றால் சீயக்காய். மற்ற நாள்களில் துணி துவைக்கும் சவர்க்காரம். கிராணி வீட்டுக் குளியலறைச் சன்னலில் ஒரு ஷாம்பு புட்டி நின்றதை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் புட்டி ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே எழுப்பிய சுவராகவே எனக்குத் தோன்றியது.

தந்தையின் எண்ணம்

அந்தச் சுவரை இடிக்க நினைத்தவர் தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். மருந்துப் பொருள்களைச் சிறிய அளவில் பொட்டலமிடும் தொழில் அவருடையது. முகமாவு தகரக் குவளைகளில் மட்டுமே விற்கப்பட்ட காலத்தில், அதை 100, 50, 20 கிராம் அளவுகளில் அடைத்து விற்றார். பேதி உப்பை 5 கிராம் பொட்டலமாக்கினார். அடுத்து, நீர்மத்தையும் ஏன் இப்படி அடைக்கக்கூடாது என்று எண்ணினார். ஒருமுறை தலைகுளிக்கப் போதுமான ஷாம்பு, ஒரு சிறு நெகிழிப் பொட்டலத்தில் அடங்கியது. நாம் சாஷே என்று வழங்கும் பொட்டலம் அதுவே.

தாம் செய்யும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால், எண்ணத்தை ஊரெங்கும் கொண்டு சேர்ப்பதற்குள் தந்தை காலமானார்.

படிப்பில் பின்தங்கிய மகன்

ரங்கநாதனின் இளமையைப் பெற்றோர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். உடன்பிறந்தோர் படிப்பில் சிறந்தவர்கள். இருவர் மருத்துவர்கள், ஒருவர் வழக்கறிஞர் ஆயினர். இவரோ தமிழ்வழியில் பயின்றவர், படிப்பில் பின்தங்கியவர். அதனால் தாழ்வு மனப்பான்மையில் வருந்தியதாக அவரே கூறியுள்ளார். ஆயினும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே அவரிடம் 500க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன. மீன்களும் பலவகைப் பறவைகளும் இருந்தன. அவற்றை விற்றே தம் கைச்செலவுக்குப் பணம் ஈட்டினார்.

தந்தைக்குப் பின் சகோதரர்கள் ‘வெல்வெட்’ என்னும் பெயரில் ஷாம்பு விற்றனர். ரங்கநாதனும் சில மாதங்கள் அவர்களோடு இருந்தார். கருத்து வேறுபாடு தோன்றவே, 1983இல் சம்பளத்தில் சேமித்த 15,000 ரூபாயோடு வெளியேறினார். வீடும் அலுவலகமும் சேர்ந்த இடத்திற்கு மாத வாடகை 250 ரூபாய். தொழிற்கூடத்திற்கு 300 ரூபாய். பொட்டலமிடும் இயந்திரம் 3,000 ரூபாய். தந்தையின் பெயரெழுத்துகளை நினைவூட்டும் வகையில் தம் பொருளுக்குச் ‘சிக்’ ஷாம்பு என்று பெயரிட்டார்.

கடன் பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. எல்லா வங்கிகளும் பிணை கேட்டன. அவரிடம் பிணை எதுவும் இல்லை. முடிவில் ஒரு வங்கி 25,000 ரூபாய் தந்தது. அவ்வங்கி மேலாளர் விண்ணப்பத்தில் எழுதிய குறிப்பை ரங்கநாதன் மறக்கவில்லை. இவரிடம் பிணை இல்லைதான். ஆனால், மற்றச் சிறுதொழில்களைப் போலன்றி இவர் வருமான வரி கட்டுகிறார் என்பது அதன் சாரம். மற்றவர்கள் இல்லாததைத் தேடினார்கள். அம்மேலாளர் இருப்பதைப் பார்த்தார்! இந்த வரலாற்றில் என்னை மிகவும் தைத்த இடம் இதுதான்.

சிற்றூர்களை நோக்கி

ஷாம்பு என்றால் என்னவென்றே அறியாத சிற்றூர்களுக்கு அவருடைய ஆட்கள் சென்றனர். ஊர்மக்கள் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலையைக் கழுவிக் காட்டினர். முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் திரைப்படங்களைத் திரையிட்டு, இடையே விளம்பரம் காட்டி, இறுதியில் இலவசப் பொட்டலம் வழங்கினர். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அவ்வட்டாரத்தில் விற்பனை மூன்று நான்கு மடங்கு கூடியது.

அடுத்து ஓர் அரிய உத்தி. எந்த நிறுவனத்தின் ஷாம்புப் பொட்டலமானாலும் ஐந்து வெற்று உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். மக்கள் பழகிய பின்னர், ஐந்தும் சிக் உறைகளாகவே இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 இலட்சத்திற்கு உயர்ந்தது. மல்லிகை, ரோசா மணங்கள் சேர்ந்ததும் 30 இலட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியதும் ஒரு கோடி.

1989இல் அலுவலகம் சென்னைக்கு மாறியது. மீரா, நைல், ஸ்பின்ஸ், இண்டிகா எனப் பொருள்கள் பெருகின. 1998இல் நிறுவனத்திற்குப் புதுப்பெயர் தேவைப்பட்டபோது ஊழியர்களிடமே போட்டி வைத்தனர். அதில் கிடைத்த பெயர்தான் கவின்கேர். ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் இரு பெரிய எழுத்துகளும் சின்னி கிருஷ்ணனின் பெயரெழுத்துகளாக அமைகின்றன. 1999இல் சிக் ஷாம்பு 50 காசுக்கும் கிடைத்தது. பன்னாட்டு நிறுவனங்களும் சிறு பொட்டலத்தின் வழியில் வரவேண்டியதாயிற்று.

பிரிட்டனிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. 1849இல் நாட்டிங்காமில் ஜான் பூட் ஒரு மூலிகைக் கடை திறந்தார். அவருடைய மகன் ஜெசி பூட் உழைக்கும் மக்களுக்கு ஏற்ற குறைந்த விலையில் மருந்து விற்று அதைப் பெரும் நிறுவனமாக வளர்த்தார். 2004இல் அங்கே தொடங்கிய தி ஹட் குழுமமோ, இணையத்தில் இசைத்தட்டு விற்றுத் தொடங்கி, 2010இல் லுக்ஃபென்டாஸ்டிக் என்னும் அழகுப்பொருள் இணையக் கடையை வாங்கி, 2020இல் இலண்டன் பங்குச் சந்தையை எட்டியது. ஒன்று மூலிகைக் கடையில் தொடங்கியது. மற்றொன்று இணையத்தில் தொடங்கியது. அழகு சாதனங்களைப் புதிய கைகளில் கொண்டு சேர்த்த வழியே இரண்டையும் வளர்த்தது. கடலூர்ப் பொட்டலமும் அப்படித்தான்.

மறைக்கக்கூடாத மறுபக்கம்

வரலாறு என்றால் புகழ்மாலை மட்டுமன்று. மாணவர்களுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, குப்பை. பல அடுக்கு நெகிழியாலான சிறு உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். ஏழைக்கு எட்டிய அதே பொட்டலம் இன்று கால்வாய்களையும் ஆறுகளையும் அடைக்கிறது. ஐந்து உறைக்கு ஒன்று இலவசம் என்ற பழைய திட்டம் விற்பனைக்காக வந்தது. இன்று அதே போன்றதொரு திட்டம் தூய்மைக்காக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டாவது, நிறம். 1998இல் இந்நிறுவனம் குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று ஃபேர்எவர் என்னும் சிவப்பழகுக் களிம்பையும் கொண்டு வந்தது. 1975 முதலே சந்தையில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி அதன் போட்டியாளர். அது 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறிவிட்டது; நம் வீட்டுப் பேச்சு மாறியதா? “வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்” என்று பெண் பிள்ளைகளிடம் கூறும் பெற்றோர் இன்றும் உள்ளனர். ‘கவின்’ என்ற சொல்லில் நிறம் இல்லை, ஐயா! அன்றைய வகுப்பில் இதை நான் அழுத்திச் சொன்னபோது, அந்தப் பின்வரிசை மாணவி தலைநிமிர்ந்து பார்த்தாள்.

என் தவறு

இனி, நான் முன்பே குறிப்பிட்ட காரணத்திற்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செராஸ் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். கணிதத்தில் பின்தங்கியவன் என்பதே அவனைப் பற்றிய என் முடிவு. அவன் சண்டை மீன்களைப் புட்டிகளில் வளர்த்து நண்பர்களுக்கு விற்றுவந்தான். எந்த மீனை எவ்வளவுக்கு வாங்கினான், தீனிக்கு என்ன செலவு, எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் பயிற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வெள்ளி, காசுக் கணக்கோடு எழுதியிருந்தான். நான் புட்டிகளைப் பறிமுதல் செய்தேன். பெற்றோர் சந்திப்பில் அவன் தந்தையிடம், “இவன் மீன் விற்கத்தான் இலாயக்கு” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. “சரிங்க ஐயா” என்று மட்டும் கூறிவிட்டு எழுந்து போனார்.

கணிதத்தில் தேறாதவன் என்று நான் முடிவு கட்டிய மாணவன், என் கண்முன்னேயே இலாப நட்டக் கணக்கு எழுதியிருந்தான். நான் அதைப் படித்தேன், ஆனால் பார்க்கவில்லை. ரங்கநாதனின் புறாக்களைப் பற்றி அறிந்த நாளில்தான் எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. அவன் இன்று எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

மீன் வளர்க்கும் மாணவர் எல்லாரும் தொழிலதிபர் ஆவர் என்றோ, படிப்பு வேண்டாம் என்றோ நான் கூறவில்லை. ரங்கநாதனும் கல்லூரியில் வேதியியல் படித்தவரே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நம் பதிவேடுகளில் மாணவனிடம் இல்லாதவற்றைக் குறிக்கப் பல கட்டங்கள் உள்ளன. அவனிடம் இருப்பதைக் குறிக்க ஒரு கட்டம் உண்டா?

அந்த வங்கி மேலாளர் தம் விண்ணப்பத் தாளில் அப்படி ஒரு வரி எழுதினார். இவ்வாண்டு முதல் என் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நானும் ஒரு வரி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெற்றோர் சந்திப்பில் முதலில் அந்த வரியைப் படித்த பிறகே புள்ளிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

நீங்களும் எழுதிப் பாருங்களேன்.