மரமறிந்த கையும் மனையறிந்த மனமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளில் தேடுவோர் பலர். குடியானவன் வீட்டுத் தூணில் தேடுவோர் சிலரே. ஜொகூர் மாநிலத்தின் மூவார், பத்து பகாட் வட்டாரக் கம்பங்களில் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் பழைய மலாய் மரவீடுகள் அவ்வாறு தேடத் தக்கவை.

அவ்வீடுகள் தூண்களின்மேல் நிற்பவை. வெள்ளமும் ஈரமும் கீழே தங்கிவிட, தளப்பலகைகளின் இடைவெளி வழியே காற்று மேலெழும். சுவரின் உச்சியிலுள்ள பூவேலைப் பலகைகள் கண்ணுக்கு அழகு தருவதோடு வெப்பக்காற்றை வெளியேற்றவும் செய்யும். தாழ்ந்து நீண்ட இறவாரம் சாரலைத் தடுக்கும். நாற்புறமும் சரியும் 'லீமாஸ்' கூரையும், அதன் முடியில் வானைச் சுட்டும் 'துஞ்சோக் லாங்ஙிட்' என்னும் மரச்செதுக்கமும் ஜொகூர் வீட்டுக்கு அணிசெய்வன.

தச்சரின் திறம் பொருத்துகளில் விளங்கும். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றில் கழுந்து செதுக்கி, இரண்டையும் ஆப்பால் இறுக்குவர். ஆணியைப் பெரிதும் நாடாத இம்முறையால் வீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்தவும் இயன்றது. முதலில் தாய்வீடு எழும். குடும்பம் பெருகப் பெருகப் பிற பகுதிகள் சேரும். இல்லத்தலைவி இரு கைகளையும் விரித்த நீளமாகிய 'டெபா'வை அளவுகோலாகக் கொள்ளும் வழக்கமும் இருந்தது. தமிழில் 'மார்' எனப்படும் அளவும் இத்தகையதே.

இதே மண்ணில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளின் கதை வேறு. 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின், ரப்பர்த் தோட்டங்கள் உள்நாட்டில் பரவின. குளுவாங், லாபிஸ், சிகாமட் பகுதிகளுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்கு வாய்த்தது லயம்: ஒரே நீண்ட கூரை; அதன்கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். அவற்றை அளந்தது குடியிருப்பவளின் கையன்று, நிருவாகத்தின் கணக்கு. குடும்பம் வளர்ந்தாலும் அறை வளரவில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது.

அவர்கள் கைத்திறன் அற்றவரோ? அல்லர். தமிழகச் சிற்றூர்களில் மண்சுவர் எழுப்பி, ஓலை வேய்ந்து, தம் வீட்டைத் தாமே கட்டியவரின் வழிவந்தோர் அவர்கள். மனை தமதாக இல்லாமையால் அத்திறன் லயத்துச் சுவரில் ஏறவில்லை. கோயிற் பந்தலிலும் வாசற்கோலத்திலும் பின்கட்டுச் சாய்ப்பிலும் ஒதுங்கி நின்றது. உரிமையுள்ள இடத்திலேதான் கட்டடக்கலை தழைக்கும் என்பதை இவ்விரு வீடுகளும் நமக்கு உணர்த்துகின்றன.

கம்ப வீடுகள் பல மக்கி வீழ்கின்றன. லயங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் புதிய வீடமைப்புகளுக்கும் இடம்விட்டு மறைந்தன. மலாய் வீட்டின் அமைப்பை ஆராய்ந்து லிம் ஜீ யுவான் 1987இல் நூலொன்று வெளியிட்டார். லயத்தையும் அவ்வாறே அளந்தும் வரைந்தும் வைத்தல் நம் கடன். அறையின் நீள அகலம் என்ன, அதில் எத்தனை பேர் உறங்கினர், அடுப்பு எங்கிருந்தது என முதியோரிடம் கேட்டெழுத ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குவாராக. ஒன்றன் அழகையும் மற்றொன்றன் நெருக்கடியையும் சேர்த்துக் கற்றாலன்றி ஜொகூரின் வீட்டு வரலாறு நிறைவுறாது.