பெருந்தமனி வீக்கத்துக்கான ஸ்டென்ட் கிராஃப்ட் சிகிச்சை

நெஞ்சையோ வயிற்றையோ திறக்காமல், தொடை இடுக்கில் ஓடும் தமனி வழியாக ஒரு துணிக்குழாயை உள்ளே செலுத்தி, பெருந்தமனியின் வீங்கிய பகுதிக்குள் ரத்தம் புகாதபடி அடைக்கும் முறை. குழாயின் துணிப்பகுதி கிராஃப்ட். அதைத் தமனிச் சுவரோடு பிடித்து நிறுத்தும் உலோக வலை ஸ்டென்ட். பெரிய அறுவையைத் தாங்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களுக்காகவே இது உருவாக்கப்பட்டது. 2024 அக்டோபர் 1 அன்று நடிகர் ரஜினிகாந்துக்குச் சென்னையில் பெருந்தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பட்டதாக மருத்துவமனை அறிவித்தபோது, தமிழ்நாட்டில் பலர் இப்படியொரு சிகிச்சை இருப்பதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். உலகில் அப்போது அதற்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரு கால்களுக்குமாகப் பிரிவது பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்று கணக்கு. நைந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்வது போலத்தான் இதுவும்: சுவர் மெலிந்த இடத்தில் அழுத்தம் தள்ளும், தள்ளத் தள்ள இன்னும் மெலியும். வயதான ஆண்கள், குறிப்பாகப் புகைபிடித்தவர்கள், இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். பெரும்பாலும் வலி இருக்காது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். வெடித்துவிட்டாலோ, பலர் மருத்துவமனை வாசலைக்கூட எட்டுவதில்லை. அதனால் ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டும்போது சரிசெய்வது வழக்கம்.

எப்படிச் சரிசெய்வது என்பதுதான் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1817இல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் பெருந்தமனியையே நூலால் கட்டிப் பார்த்தார். நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. 1948இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிசன் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செல்லோஃபேன் தாளால் சுற்றினார். தாளின் உறுத்தலில் சுற்றிலும் தழும்பு கட்டி, சுவர் உரம் பெறும் என்பது எதிர்பார்ப்பு. அந்த நோயாளி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியபோது மீண்டும் அறுவை செய்யலாம் என்று சொல்லப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 76.

அந்த ஆண்டுகளுக்குள் அறுவைக்கூடம் வெகுதூரம் போயிருந்தது. 1951இல் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட், வீங்கிய துண்டை வெட்டியெடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் தமனியை அந்த இடத்தில் தைத்தார். இறந்தவர் தமனியை எல்லா நேரத்திலும் எதிர்பார்க்க முடியுமா? நியூயார்க்கில் ஆர்தர் வூரிஸ், நெய்த செயற்கைத் துணியே தமனியின் வேலையைச் செய்யும் என்று காட்டினார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி ஒரு படி மேலே போனார். கடைக்கு நைலான் வாங்கப் போனவருக்கு அது கிடைக்கவில்லை. இருந்த டாக்ரானை வாங்கி வந்து, தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். சிறுவயதில் தாயிடம் கற்ற தையல் அது. கைக்குக் கிடைத்த அந்த டாக்ரான்தான் இன்றுவரை பல கிராஃப்ட்களின் துணி.

இந்தத் திறந்த அறுவை நன்றாகவே பலன் தந்தது, தாங்கியவர்களுக்கு. மார்பெலும்புக்குக் கீழிருந்து தொப்புளுக்கும் கீழே வரை கீறி, குடலை ஒதுக்கி, பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு அடைத்து, துணிக்குழாயைத் தைக்க வேண்டும். கிளாம்ப் விழும் நொடியில் இதயம் சுவரில் முட்டியது போலத் திணறும்; எடுக்கும் நொடியில் ரத்த அழுத்தம் சரியும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஆஸ்துமாவைவிட மோசமான நுரையீரல் நோயுள்ளவர், சிறுநீரகம் தளர்ந்தவர் ஆகியோருக்கு வீக்கத்தைவிட அறுவையே ஆபத்து. இவர்களிடம் மருத்துவர்களுக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான்: பார்த்துக்கொண்டே இருப்போம்.

இந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் பரோடிக்கு யோசனை பிறந்தது. 1976இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, துணிக்குழாயை வெளியிலிருந்து தைப்பதற்குப் பதிலாக ரத்தநாளத்தின் உள்ளேயே கொண்டுபோய்ப் பொருத்தினால் என்ன என்று யோசித்தார். குழாயைச் சுவரோடு நிறுத்தத் தோதான பொருள்தான் கிடைக்கவில்லை. தன் நாட்டவரான ஹூலியோ பல்மாஸ் உருவாக்கிய, பலூனால் விரியும் ஸ்டென்ட் 1980களின் கடைசியில் அந்தக் குறையைத் தீர்த்தது. 1990 செப்டம்பரில் புவனோஸ் ஐரிஸில் முதல் நோயாளிக்கு இது செய்யப்பட்டது. மறு ஆண்டு பரோடி குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து பேரின் விவரம் இருக்கிறது. ஐவருமே வேறு கடும் நோய்கள் உள்ளவர்கள். மயக்க மருந்து கூட முழுதாகக் கொடுக்கவில்லை. குறிப்பிட்ட பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மூவருக்கு மேல் முனையில் மட்டுமே ஸ்டென்ட். கீழ் முனை சும்மா தொங்கியது. அங்கிருந்து ரத்தம் திரும்பி ஏறும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பரோடியை முதலாமவர் என்று எழுதும் பாடப்புத்தகங்கள் இன்னொருவரை நெடுங்காலம் மறந்திருந்தன. உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ், 1987 மார்ச்சிலேயே நெஞ்சுப் பெருந்தமனியில் தானாக விரிந்து நிற்கும் துணிக்குழாயை வைத்துவிட்டார். விபத்தால் உண்டான வீக்கம் அது. அவர் எழுதியது ரஷ்ய மொழியில், சோவியத் இதழ்களில்; மேற்கில் படித்தவர் இல்லை. வயிற்று வீக்கத்துக்கு பரோடியும் நெஞ்சுக்கு வோலோதோஸும் என்று பங்கிடுவதே நியாயம்.

1992 நவம்பரில் நியூயார்க்கின் மான்டிஃபியோரி மருத்துவமனையில் ஃபிராங்க் வீத் குழு, பரோடியை வரவழைத்து, அமெரிக்காவின் முதல் சிகிச்சையைச் செய்தது. ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் குழு நெஞ்சுப் பகுதி வீக்கங்களுக்கு இதைச் செய்து 1994இல் முடிவுகளை வெளியிட்டது. நேர்க்குழாய் போய், கால்சட்டை போல இரு கால்களாகப் பிரியும் குழாய் வந்தது. பலூனுக்குப் பதில், உறை விலகியதும் தானே விரியும் நிட்டினால் உலோகம் வந்தது. 1999 செப்டம்பரில் அமெரிக்க அரசு இரண்டு கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது. அவற்றில் ஒன்றைத் தயாரித்த நிறுவனம், ஆயிரக்கணக்கான கோளாறுகளை மறைத்ததாக 2003இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 9.24 கோடி டாலர் கட்டியது. அந்தக் கருவி சந்தையிலிருந்து மறைந்தது.

செய்முறை, பார்ப்பவருக்கு ஏமாற்றமளிக்கும் அளவு அமைதியானது. பெரும்பகுதி வேலை அளவெடுப்பதில் முடிந்துவிடுகிறது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வீக்கம் தொடங்குமுன் நல்ல சுவர் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு என்று சி.டி. ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கிறார்கள். இந்தக் கழுத்துப் பகுதி பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டராவது வேண்டும். குழாய் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் இறுகும். பிறகு இரு தொடை இடுக்கிலும் துளை, மெல்லிய கம்பி, அதன்மேல் ஏறும் உறை. எக்ஸ்ரே திரையில் சிறுநீரகத் தமனியின் வாய் தெரிய, அதற்கு நூலளவு கீழே குழாயின் விளிம்பு நிற்க வேண்டும். மேலே போனால் சிறுநீரகம் போயிற்று. கீழே இறங்கினால் அடைப்பு நிற்காது. முதல் கால் விரிந்ததும், மறுதொடையிலிருந்து வரும் கம்பி வீக்கத்தின் குகைக்குள் துழாவி இரண்டாம் காலின் வாயைத் தேட வேண்டும். சில சமயம் இரண்டே நிமிடம். சில சமயம் அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி பலன். இந்தச் சிகிச்சையின் ஆங்கிலச் சுருக்கமான ஈ.வி.ஏ.ஆர். என்ற பெயரில் பிரிட்டனில் நடந்த முதல் ஆய்வில் 1,082 பேர், அறுவையைத் தாங்கக்கூடியவர்கள், இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் கிராஃப்டில் 1.7 சதவீதம், திறந்த அறுவையில் 4.7. 2004இல் வந்த இந்த எண்கள்தான் உலகையே இந்தப் பக்கம் திருப்பின. ஆனால் பதினைந்து ஆண்டுத் தொடர்ச்சி 2016இல் வெளியானபோது, எட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய மரணங்கள் ஸ்டென்ட் கிராஃப்ட் பிரிவில்தான் அதிகம். அடைத்த வீக்கம் மெல்ல மீண்டும் நிரம்பி வெடித்தது முக்கியக் காரணம். இந்த உட்கசிவுதான் இம்முறையின் தீராத தொல்லை.

இரண்டாம் ஆய்வு, யாருக்காக இது கண்டுபிடிக்கப்பட்டதோ அவர்களைப் பற்றியது. திறந்த அறுவைக்குத் தகுதியற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு ஸ்டென்ட் கிராஃப்ட்; மறுபிரிவினருக்கு வீக்கத்தை அப்படியே விட்டுக் கண்காணிப்பு மட்டும். மொத்தம் 404 பேர். 2010இல் வந்த நீண்டகாலக் கணக்கில், சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் இறந்தோர் 7.3 சதவீதம். வீக்கம் வெடித்து இறப்பது குறைந்தது உண்மை. மொத்த மரணங்களில் வித்தியாசம் இல்லை. வெடிப்பிலிருந்து தப்பியவர்களை இதயமும் நுரையீரலும் புற்றுநோயும் கொண்டுபோயின. கண்காணிப்புப் பிரிவில் பலர் பின்னர் சிகிச்சைக்கு மாறியதும், சிகிச்சைப் பிரிவில் சிலர் காத்திருக்கும்போதே இறந்ததும் கணக்கைக் குழப்பின என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்தக் காலத்துக் கருவிகளும் இன்றைய கருவிகளும் ஒன்றல்ல என்பதும் சரிதான். ஆனாலும் ‘அறுவை முடியாது, அதனால் ஸ்டென்ட்’ என்ற எளிய கணக்கு இந்த ஆய்வோடு செல்லாக்காசானது.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018 வரைவில் இத்தகைய நோயாளிகளுக்குத் திட்டமிட்ட ஸ்டென்ட் கிராஃப்டே வேண்டாம் என்றது. மருத்துவர்கள் கொதித்தார்கள். 2020இல் வந்த இறுதி வழிகாட்டி, சிகிச்சை, சும்மா விடுதல் இரண்டையும் பரிசீலிக்கலாம் என்று இறங்கிவந்தது. இதற்கிடையே சிறுநீரகத் தமனிகளுக்கு வழிவிடும் துளைகள் கொண்ட குழாய்கள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கிய முயற்சிகளால், கழுத்துப் பகுதி குட்டையாக உள்ளவர்களுக்கும் கதவைத் திறந்தன.

குழாய் வைத்தவர் ஆயுள் முழுக்க ஸ்கேனுக்கு வர வேண்டும். சி.டி.க்குச் செலுத்தும் சாயம் தளர்ந்த சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், பலருக்கு ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்டே போதுமென்று வைக்கிறார்கள்.